தகடூர்ச் சாலையில் ஒரு சியாஸ்

மாருதி சியாஸ் கடந்து போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 2014 அக்டோபரில் விற்பனைக்கு வந்தது. 2025இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். இடைப்பட்ட பத்தாண்டுகளில் கல்யாண மண்டப வாசல்களிலும் ரயில் நிலைய நிறுத்தங்களிலும் எத்தனையோ முறை பார்த்திருப்போம், நின்று பார்த்திருக்க மாட்டோம். எனக்கு அதை ஓட்டும் வாய்ப்பு வாடகையில்தான் வந்தது. மனைவியும் நானும் அப்பா அம்மாவோடு தருமபுரிப் பக்கம் சுற்றிவருவதற்காகச் சேலத்தில் எடுத்தோம். போய்வந்த ஊர்களை நினைக்கும்போதெல்லாம் அந்த வண்டியின் சின்னச் சின்ன நல்ல குணங்களும் கூடவே வந்து நிற்கின்றன. கண்ணில் படும் குணங்களாக இருந்தால் யாராவது முன்பே சொல்லியிருப்பார்கள். உடம்பில் மட்டும் படுபவை என்பதால் நான் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் அதன் நம்பர் பிளேட்டைச் சொல்ல வேண்டும். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. ஓட்டுநரோடு வரும் டாக்ஸிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்பது எல்லோருக்கும் தெரியும். நாமே ஓட்டிக்கொள்ளும் வாடகைக் காருக்கு அதைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். பெரிய நகரங்களில் இது பழகிப்போன காட்சி. பாளையம் சுங்கச்சாவடி தாண்டிய டீக்கடையில் ஒரு பெரியவர் பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஓனர் ஓட்டறீங்களா, டிரைவருங்களா?" என்று கேட்டார். வாடகைக்கு எடுத்து நானே ஓட்டுகிறேன் என்றதும், "அப்ப நல்லா பாத்து எடுத்துருக்கீங்க, இது பாட்டுக்குப் போவும்" என்றார். "பாட்டுக்குப் போவும்" என்பதைவிடச் சுருக்கமாக இந்த வண்டியைப் பற்றி என்னால் சொல்ல முடியாது. நான் விரித்துத்தான் சொல்லப் போகிறேன்.

கதவிலிருந்து தொடங்கலாம். பின் கதவு நன்றாக அகலத் திறக்கிறது. அம்மாவுக்கு முட்டி வலி. உயரமான எஸ்யூவிகளில் ஏறி உட்கார வேண்டும், செடானில் தணிந்து உட்கார வேண்டும். முட்டி வலிக்காரர்களுக்கு இரண்டுமே சுலபமில்லை. ஆனால் செடானில் ஒரு வழி உண்டு. வெளியே நின்றபடியே இருக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து, பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்பிக்கொள்ளலாம். அதற்குக் கதவு அகலமாகத் திறக்க வேண்டும், முன் இருக்கைக்கும் பின் இருக்கைக்கும் நடுவே கால் திரும்ப இடம் வேண்டும். இங்கே இரண்டும் இருக்கின்றன. அம்மா முதல் தடவையே யாருடைய கையையும் பிடிக்காமல் உட்கார்ந்துவிட்டார். எழுந்து வரும்போதுதான் கதவின் மேல்விளிம்பைப் பற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்ததும் என் இடது கால் கவனித்தது கிளட்ச்சை. மிருதுவாக உள்ளே போகிறது. எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதும் முதல் முறையிலேயே தெரிந்துவிடுகிறது. வாடகை வண்டி என்றால் பலருடைய கால்பட்டுக் கிளட்ச் மேலே ஏறியிருக்கும், கியர் தளர்ந்திருக்கும். இந்த வண்டி கணிசமான தூரம் ஓடியிருந்தும் கியர் ராடு ஒவ்வொரு பள்ளத்திலும் சத்தமில்லாமல் போய் விழுந்தது. சேலம் ஐந்து ரோட்டில் பாலத்துக்குக் கீழே சிவப்பு விளக்கு. நியூட்ரலுக்குக் கொண்டுவந்து கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தேன். எஞ்சின் தானாக அணைந்தது. சுற்றியிருந்த பேருந்தின் உறுமல், பூக்காரம்மாவின் குரல், பக்கத்து ஆட்டோவின் பாட்டு எல்லாம் திடீரென்று காருக்குள் வந்துவிட்டன. பச்சை விழுந்து கிளட்ச்சை மிதித்ததும் எஞ்சின் மறுபடி உயிர்பெற்றது, அதுவும் அந்தக் கரகரத்த ஸ்டார்ட்டர் சத்தம் இல்லாமல். காரணம் எளிது. வழக்கமான ஸ்டார்ட்டர் மோட்டார் பல்சக்கரத்தைப் பல்சக்கரத்தோடு மோதவிட்டு எஞ்சினைச் சுழற்றும். இந்த ஸ்மார்ட் ஹைப்ரிட் வகையில் பெல்ட்டோடு இணைந்த ஜெனரேட்டரே மோட்டாராக மாறி, பெல்ட்டை இழுத்து எஞ்சினைச் சுழற்றிவிடுகிறது. பல் உரசாததால் சத்தம் இல்லை. காலையில் முதல் முறை சாவி திருப்பும்போது மட்டும்தான் பழைய ஸ்டார்ட்டரின் குரல் கேட்கும்.

ஓமலூர் வரை நகரமும் நகரத்தின் வாலும். அதற்குப் பிறகுதான் தேசிய நெடுஞ்சாலை 44 தன் இயல்புக்கு வருகிறது. ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் இந்தச் சாலையைப் பழைய ஆட்கள் இன்னும் ஏழாம் நம்பர் சாலை என்றுதான் சொல்கிறார்கள். வலப்பக்கம் சேர்வராயன் மலை பின்தங்கிக்கொண்டே வர, எதிரே தொப்பூர்க் குன்றுகள் எழுகின்றன. சேலம் தாழ்வில் இருக்கும் ஊர், தருமபுரி மேட்டில். இரண்டுக்கும் நூற்றைம்பது மீட்டருக்குக் குறையாத உயர வித்தியாசம். அந்த ஏற்றத்தின் பெரும்பகுதியைத் தொப்பூர்க் கணவாய் ஒரே மூச்சில் ஏறுகிறது.

ஒரு பெட்ரோல் எஞ்சினின் சுபாவம் இப்படிப்பட்ட ஏற்றத்தில், நான்கு பேரும் நிறையச் சாமானும் ஏசியும் இருக்கும்போது, லாரிக்குப் பின்னால்தான் தெரியும். தாளில் இருக்கும் கணக்கு இது: 1,462 சிசி, 105 குதிரைத்திறன், 138 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை, அந்த விசை முழுவதும் வருவது 4,400 சுற்றில். அதைப் படித்தால் ஏற்றத்தில் எஞ்சினை அலறவிட வேண்டியிருக்கும் என்றுதான் தோன்றும். நடந்தது வேறு. இரும்புச் சுருள் ஏற்றிய ஒரு பதினாறு சக்கர லாரி முன்னால் நடைவேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் மூன்றாவது கியரில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒட்டிக்கொண்டு போனேன். முள் 1,500ஐ ஒட்டி. வலப்பக்கத் தடம் காலியானதும் கியரை மாற்றாமல் மெதுவாக மிதித்தேன். வண்டி திணறவில்லை, நடுங்கவில்லை. சற்று யோசித்துவிட்டு எழுந்து நடப்பவரைப்போல ஏறத் தொடங்கியது. லாரியின் முன்சக்கரத்தைக் கடக்கும்போது நாற்பத்தைந்து, அடுத்த வளைவுக்கு முன் அறுபது. கருவிப் பலகையில் பேட்டரியிலிருந்து சக்கரத்தை நோக்கி ஒரு சிறு அம்புக்குறி ஒளிர்ந்தது. அந்த ஜெனரேட்டர் மோட்டாராகி ஒரு கை கொடுக்கிறது என்று அர்த்தம். அது தரும் பலம் சிறியது. ஆனால் சுற்று குறைவாக இருந்து எஞ்சின் தடுமாறக்கூடிய அந்தச் சில விநாடிகளில் வருவதால் அதன் மதிப்பு பெரிது.

வண்டியின் எடை ஏறத்தாழ ஒரு டன்தான் என்பதும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டியது. இந்த நீளத்துக்கு அது குறைவான எடை. ஏற்றத்தில் இழுப்பது எஞ்சினின் பலம் மட்டுமில்லை, தூக்க வேண்டிய சுமை இல்லாததும்தான்.

அதேநேரம், 4,500 சுற்றுக்கு மேல் விரட்டினால் எஞ்சினின் குரல் கெட்டுவிடுகிறது. சத்தம் கூடுகிற அளவுக்கு வேகம் கூடுவதில்லை. அங்கே அதைக் கொண்டுபோகாதே என்று வண்டியே கேட்டுக்கொள்வதாக எடுத்துக்கொண்டேன். ஹோண்டா சிட்டியின் எஞ்சின் அந்த மேல்சுற்றில்தான் பாடத் தொடங்கும். அதை விரும்புபவர்களுக்கு சியாஸ் ஏமாற்றம் தரும். நான் இந்தத் தாழ்ந்த சுற்றின் பக்கம்.

கணவாய் முடிந்ததும் நிலம் விரிகிறது. வலத்திலும் இடத்திலும் தூரத்தில் குன்றுகள், நடுவே ராகியும் தென்னையும் புளியும் நிற்கும் மேட்டு நிலம். 1792இல் திப்புவிடமிருந்து கம்பெனியின் கைக்குப் போன பாரமகால் இதுதான். தாமஸ் மன்றோ ஏழு ஆண்டுகள் இங்கே தங்கிக் குதிரைமேல் சுற்றி நிலவரித் திட்டம் வகுத்தார். அந்த உயரத்திலிருந்து, அந்த வேகத்தில் பார்த்த நிலத்தை நாம் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் பார்க்கிறோம். ஐந்தாவது கியரில் எண்பதில் போகும்போது முள் மூவாயிரத்துக்கு வெகு கீழேயே நிற்கிறது. அந்த வேகத்தில் எஞ்சின் சத்தம் டயர் சத்தத்துக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. காற்றின் சத்தம் கண்ணாடி மடல்களைச் சுற்றி லேசாக. முன்னால் இருப்பவர் பின்னால் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேசலாம். வயதானவர்களோடு பயணம் போகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். காது சற்று மந்தமான அப்பா, வழக்கமாகக் காரில் பேச்சை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். இந்த முறை நல்லம்பள்ளி வரை பழைய சேலம் ஜில்லாக் கதைகளைச் சொல்லிக்கொண்டே வந்தார். 1965 அக்டோபர் 2ஆம் தேதி தருமபுரி தனி மாவட்டம் ஆகும் வரைக்கும் இதெல்லாம் சேலத்தோடு இருந்த மண் என்பதில் அவருக்கு இன்றும் ஓர் உரிமை உண்டு.

தருமபுரியில் மனைவி ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டார். நான் பின்னால் அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இந்த வண்டியைப் புரிந்துகொண்டது அப்போதுதான்.

முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2,650 மில்லிமீட்டர். இதே வரிசையில் நிற்கும் சிட்டியில் அது 2,600. ஐந்து சென்டிமீட்டர்தானே என்று நினைக்கலாம். அந்த ஐந்து சென்டிமீட்டரையும் சியாஸைச் செய்தவர்கள் வேறெங்கும் செலவழிக்காமல் பின்னால் உட்காருபவரின் முழங்காலுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். அப்பா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். காரில் அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இருக்கை தொடையை முக்கால்வாசி தாங்குகிறது. முதுகுச் சாய்வு பேருந்தைப்போல நிமிர்ந்தும் இல்லை, சோபாபோலச் சரிந்தும் இல்லை. நடுவிலிருந்து இழுத்துவிடும் கைதாங்கி சரியாக முழங்கை உயரத்தில் நிற்கிறது. முன் இருக்கைகளுக்கு நடுவே பின்னால் இருப்பவர்களுக்கென்று தனி ஏசி வாய். பின் கண்ணாடிக்கு மேலெழும்பும் ஒரு திரை. இண்டூர் சாலையில் மேற்கு நோக்கிப் போகும்போது காலை வெயில் முதுகில்தான் அடிக்கும்; அந்தத் திரையை எழுப்பியதும் பிடரிச்சூடு போய்விட்டது.

குறையும் உண்டு. கூரை பின்பக்கம் சரிவதால் உயரமானவர்களுக்குத் தலை இடிக்காவிட்டாலும் இடிக்குமோ என்று தோன்றும். நடுவில் மூன்றாவது ஆள் உட்கார்ந்தால் காலடியில் மேடு தட்டும். நாங்கள் பின்னால் இருவர்தான் என்பதால் அது எங்களைத் தொடவில்லை.

இண்டூருக்கு முன்பே அப்பா தூங்கிவிட்டார். தூங்கும் மனிதரின் தலையைப் பார்த்தால் வண்டியின் சஸ்பென்ஷனைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம். ஒட்டுப்போட்ட தார், ஊர் எல்லைகளில் வரிவரியாக வேகத்தடை, குழாய் பதிக்கத் தோண்டி மூடிய குறுக்குப் பள்ளங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் ஓடத் தொடங்கியபிறகு ஃபுளூரைடு கலந்த நிலத்தடி நீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்ட ஊர்களுக்குக் காவிரி போகிறது. அந்தப் புண்ணியத்துக்காகச் சாலைகள் கொஞ்சம் தழும்பு வாங்கியதில் யாருக்கும் வருத்தமில்லை. ஒவ்வொரு தழும்பிலும் அப்பாவின் தலை மேலும் கீழும் ஒருமுறை மெதுவாக அசைந்து நின்றது. ஒருமுறைதான். இரண்டாவது ஆட்டம் இல்லை. பக்கவாட்டில் தூக்கிப்போடவும் இல்லை. ஸ்பிரிங் இளகலாக இருந்தால் வண்டி ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகும், வயிற்றைப் புரட்டும். இறுக்கமாக இருந்தால் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் எழுதும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அங்கே நிறுத்துவதற்குப் பொறியாளர்கள் எத்தனை நாள் எத்தனை மோசமான சாலைகளில் உட்கார்ந்து போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே ஔவையாரைச் சொல்லாமல் இருக்க முடியாது. நாங்கள் வழியில் கடந்துவந்தது அதியமான்கோட்டை. தருமபுரியின் பழைய பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். அவனைப் பகைவர்கள் குறைத்து மதிப்பிட வேண்டாம் என்று எச்சரிக்கும் புறநானூற்று 87ஆம் பாட்டில் ஔவை ஒரு தச்சனைக் கொண்டுவருகிறார். ஒரே நாளில் எட்டுத் தேர் செய்துவிடக்கூடிய கை அவனுக்கு. அப்படிப்பட்டவன் ஒரு மாதம் முழுக்க உட்கார்ந்து ஒரே ஒரு சக்கரத்தைச் செய்தால் அது எப்படி அமையுமோ, அஞ்சி அப்படிப்பட்டவன். வீரத்தைச் சொல்ல வந்த இடத்தில் வாளையோ யானையையோ தேடாமல் ஒரு தச்சுப்பட்டறைக்குள் போய், ஒரு சக்கரத்துக்குள் 240 தேருக்கான உழைப்பை அடக்கிக் காட்டுகிறார். செய்நேர்த்தியை இவ்வளவு துல்லியமாக அளந்த இன்னொரு பாட்டு எனக்குத் தெரியாது. தேர் அழகாக இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. தேரில் யாரும் கவனிக்காத, மண்ணில் உருளும் பாகத்துக்கு அந்த மாதத்தைக் கொடுத்தார்.

சியாஸிலும் அந்த மாதம் சக்கரத்தின் பக்கம்தான் செலவாகியிருக்கிறது. முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், பின்னால் டார்ஷன் பீம் என்ற அமைப்பு இந்த விலையில் வரும் ஏறத்தாழ எல்லாக் கார்களிலும் உள்ளதுதான், அதிசயம் ஒன்றுமில்லை. எத்தனை அழுத்தத்துக்கு எத்தனை இறங்க வேண்டும், இறங்கியது எவ்வளவு நிதானமாக எழ வேண்டும் என்ற தீர்மானத்தில்தான் வித்தியாசம். டயரும் சேர்ந்துகொள்கிறது. எங்கள் வண்டியில் இருந்தது 15 அங்குலச் சக்கரத்தில் 185/65 டயர். மேல்வகைக்கு 16 அங்குலத்தில் 195/55. பெரிய சக்கரம் பார்வைக்கு எடுப்பாக இருக்கும். ஆனால் கணக்குப் போட்டால், சின்னச் சக்கரத்தின் டயர்ச் சுவர் 120 மில்லிமீட்டர் உயரம், பெரியதன் சுவர் 107. அந்த 13 மில்லிமீட்டர் ரப்பரும் காற்றும்தான் கூர்மையான கல்லையும் தாரின் உடைந்த விளிம்பையும் ஸ்பிரிங்குக்குப் போவதற்கு முன்பே விழுங்கிவிடுகின்றன.

பென்னாகரத்தில் காபி குடித்துவிட்டு மறுபடி நான் ஓட்டினேன். மடம் சோதனைச்சாவடி தாண்டியதும் காடு. காவிரிப் பள்ளத்தாக்கை நோக்கிச் சாலை வளைந்து வளைந்து இறங்குகிறது. யானை கடக்கும் இடம் என்ற பலகைகள், தடுப்புச் சுவர்மேல் குடும்பம் குடும்பமாகக் குரங்குகள். ஸ்டியரிங்கைப் பற்றி இங்கேதான் சொல்ல வேண்டும். ஒற்றைக் கையால் திருப்பும் அளவுக்கு இலகு. அந்த இலகு சேலம் சந்துகளில் வரம். இந்த வளைவுகளில், முன்சக்கரங்கள் தாரை எவ்வளவு இறுக்கமாகப் பற்றியிருக்கின்றன என்ற செய்தி கைக்கு வருவதில்லை. வேகமாகத் திருப்பினால் உடல் சாய்கிறது. ஆகவே வேகமாகத் திருப்பத் தோன்றுவதில்லை. இரண்டாவது கியரில் விட்டு, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் சீராக மிதித்துப் போனால் வண்டி ஒரே கோட்டில் வழுக்கிக்கொண்டு வெளிவருகிறது. பின்னால் அம்மா மடியில் வைத்திருந்த தண்ணீர் பாட்டில் மூடி திறந்தே இருந்தது, சிந்தவில்லை. மலைச்சாலையில் இந்த வண்டியை ஓட்டுவதற்கான இலக்கணம் அந்தப் பாட்டிலில் இருந்தது.

ஒகேனக்கல்லைப் பற்றிப் பிறர் நிறைய எழுதியிருக்கிறார்கள். நாங்களும் பரிசலில் போனோம், எண்ணெய் தேய்த்துக்கொண்டோம், வறுத்த மீன் சாப்பிட்டோம். காருக்குச் சம்பந்தப்பட்டது டிக்கிதான். 510 லிட்டர் கொள்ளும் டிக்கி என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. நான்கு பேரின் பெட்டிகள், சாப்பாட்டுக் கூடை, ஈரத்துணி மூட்டை, அம்மா பேரம்பேசி வாங்கிய புளி, திரும்பும் வழியில் சேர்ந்த தக்காளிக் கூடை எல்லாவற்றையும் வைத்தபிறகும் மூடி சாதாரணமாக மூடியது. அதைவிட நல்லது, ஈரத்துணியின் வாடையும் மீன் வாடையும் ஆட்கள் இருக்கும் பக்கம் வரவில்லை. டிக்கியும் கேபினும் ஒரே அறையாக இருக்கும் ஹேட்ச்பேக்கிலும் எஸ்யூவியிலும் இது நடக்காது. செடான் என்ற வடிவத்தின் அருமை குளித்துவிட்டு ஈரத்தோடு திரும்பும்போது தெரிகிறது.

கிளம்புவதற்கு முன் அப்பா டிக்கியின் தரையைத் தூக்கி ஸ்டெப்னியைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன், காற்று இருந்தது. வாடகை வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது ஸ்டெப்னி என்பது அவருடைய பழைய வழக்கம். அந்த வழக்கத்துக்கும் இந்த மண்ணில் சான்று இருக்கிறது. அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய புறநானூறு 102இல் உப்பு வணிகர்களின் வண்டி வருகிறது. மாடுகள் இளையவை, பாரம் மிகுதி, வழியோ பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும் வழி. என்ன நடக்குமோ என்று வணிகர்கள் வண்டியின் அடியில் ஒரு மாற்று அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அந்த அச்சுப் போன்றவன் நீ என்று இளவரசனைப் புகழ்கிறார். தகப்பனுக்குச் சக்கரம், மகனுக்கு மாற்று அச்சு. வண்டியைப் பக்கத்தில் இருந்து, கீழே குனிந்து பார்த்த ஒருவரால்தான் இப்படி எழுத முடியும். தருமபுரியின் மேடுபள்ளங்களில் ஏறி இறங்கியபோது அந்த இரண்டு பாட்டும் எனக்குப் பழம்பாட்டாகத் தோன்றவில்லை.

அரூர், தீர்த்தமலைப் பக்கமும் போனோம். இருபுறமும் புளியமரங்கள் கவிந்த இடங்களில் நிழலும் வெயிலும் மாறி மாறி விழும்போது எதிரே வரும் டூவீலர் சட்டென்று தெரியாது; பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டேன். அடிமட்ட உயரம் 170 மில்லிமீட்டர். தீர்த்தமலை அடிவார ஊர்களின் செங்குத்தான வேகத்தடைகளில் நால்வரும் இருந்தபோது சாய்வாக ஏற்றினால் அடி தட்டவில்லை.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது திரும்பும் வழியில் தொப்பூர் இறக்கம். சேலம் நோக்கி இறங்கும் இந்தத் தடத்தில் விபத்துகள் அடிக்கடி நடக்கின்றன. நீண்ட சரிவு, பாரம் ஏற்றிய லாரிகள் டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கும்போது பிரேக் சூடேறிப் பிடிப்பு போய்விடுகிறது. கண்ணாடியை இறக்கினால் எரிந்த பிரேக்கின் நெடி காற்றிலேயே இருக்கும். மூன்றாவது கியரில் போட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன். வேகம் ஐம்பதை ஒட்டி நின்றது. எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டது. பிரேக்கை அவ்வப்போது தொட்டால் போதும். எரிபொருளைத் தெளித்து எரிக்கும் இன்றைய எஞ்சின்களில் இப்படிக் கியரில் இறங்கும்போது பெட்ரோல் தெளிப்பே நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் தன்னைச் சுழற்றிக்கொள்ளவாவது கொஞ்சம் குடிக்கும். மிச்சம் பிடிக்கும் வழி என்று பலர் நம்புவதற்கு நேர்மாறான கணக்கு இது.

அந்த இறக்கம் முழுக்கக் கருவிப் பலகையில் அம்புக்குறி திரும்பியிருந்தது. சக்கரத்திலிருந்து பேட்டரிக்கு. ஏறும்போது கை கொடுத்த அதே ஜெனரேட்டர் இப்போது மலையின் உயரத்தில் ஒரு சிறு பங்கை மின்சாரமாக்கி உள்ளே சேர்த்துக்கொண்டிருந்தது. ஓமலூர் வரும்வரை அதை அம்மாவிடம் விளக்கிக்கொண்டு வந்தேன். "ஏறுறப்ப குடுத்தத எறங்குறப்ப வாங்கிக்குதா, நல்ல வண்டிதான்" என்றார் அம்மா.

ஊர், மலை, காடு எல்லாம் சேர்த்து லிட்டருக்குப் பதினேழு கிலோமீட்டரை ஒட்டிக் கொடுத்தது. நிறுவனம் சொல்லும் எண் 20.65; நான்கு பேர், ஏசி, கணவாய் என்று பார்த்தால் எனக்கு இது நிறைவு. 43 லிட்டர் டேங்க் என்பதால் வழியில் பங்கைத் தேட வேண்டிய கவலை வரவில்லை. சேலத்தில் கடைசியாக டேங்க்கை நிரப்பிய பங்கில் வேலைசெய்யும் இளைஞர், மூடியைத் திருகிக்கொண்டே, "இது நின்னு போச்சுங்களேண்ணா, எங்க மாமா ஒன்னு செகண்ட்ஸ்ல தேடிக்கிட்டே இருக்காரு" என்றார். மக்கள் உயரமான வண்டிகளை விரும்புகிறார்கள், சந்தை அவர்கள் பின்னால் போகிறது. அது அவர்கள் விருப்பம். ஆனால் பின்னால் வயதானவர்கள் உட்காரும் வீடுகளுக்கு, இந்த விலையில், இதைவிட அக்கறையாகச் செய்த ஒரு செடானை நான் ஓட்டியதில்லை. அந்த இளைஞரின் மாமாவுக்கு ஒன்று மட்டும் சொல்லியனுப்பினேன்: கிடைத்தால் 15 அங்குலச் சக்கரம் போட்டதாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள், வாங்குவதற்கு முன் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பின்னால் உட்காரவைத்து இண்டூர் சாலை மாதிரி ஒன்றில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.